விட்டமின் குளிசையும் கிளினிக் குளிசையும்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறோம். போன தவணை தரம் 10 பிள்ளை ஒருத்தி மூன்று நாட்கள் வரவில்லை. நாலாம் நாள் விசாரித்தபோது, "அப்பாவுக்குத் திரும்பவும் நெஞ்சு வலி சேர், வார்ட்டில இருக்கிறாரு" என்றாள்.

அவர் தேயிலைத் தொழிற்சாலைத் தொழிலாளி. ஏற்கனவே ஒருமுறை மாரடைப்பு வந்து, மாதாமாதம் கிளினிக்கில் மருந்து எடுப்பவர். இரண்டு மாதமாகக் கிளினிக் போகவில்லையாம். பதிலுக்கு விட்டமின் ஈ கெப்சூல் வாங்கிக் குடித்திருக்கிறார். "இரத்தக் குழாய் அடைப்பைக் கரைக்கும், பக்கவிளைவே இல்லை" என்று வட்ஸ்அப்பில் வந்ததை நம்பி.

வெட்கத்தோடு சொல்கிறோம். அந்தத் தகவலைப் பெற்றோர் குழுவில் போட்டதே ஆசிரியர்களாகிய நாங்கள்தான். வாசித்தோம், நல்லதாகப்பட்டது, அனுப்பிவிட்டோம். அதனால்தான் இந்தப் பதிவு.

அந்தத் தகவல் முழுக்க வானத்திலிருந்து விழுந்ததல்ல. கெட்ட கொலஸ்ட்ரோல் இரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்சியேற்றம் அடைந்து அடைப்பை வளர்க்கிறது. விட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் ஆகியவை ஒட்சியேற்றத்தைத் தடுப்பவை. ஆகவே அவற்றைக் குளிசையாகக் குடித்தால் இதயம் தப்பும் என்று விஞ்ஞானிகளே ஒரு காலத்தில் நம்பினார்கள். இவற்றை உணவில் அதிகம் சேர்ப்பவர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்ததும் உண்மை. ஆனால் அப்படிப்பட்டவர்கள் புகைப்பதும் குறைவு, நடப்பதும் அதிகம். இரண்டு விடயங்கள் சேர்ந்து நடப்பதால் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் நாமே இதை மறந்துவிடுகிறோம்.

பிறகு நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். 2000ஆம் ஆண்டு வெளிவந்த 'ஹோப்' ஆய்வில் 9,000க்கும் மேற்பட்டவர்கள் நாலரை வருடம் விட்டமின் ஈ பரிசோதனையில் இருந்தார்கள். மாரடைப்பு குறையவில்லை. 2002இல் பிரித்தானியாவின் இதயப் பாதுகாப்பு ஆய்வு வந்தது. 20,536 பேர், ஐந்து வருடம். விட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் மூன்றும் சேர்த்துக் கொடுத்தார்கள். இரத்தத்தில் விட்டமின் அளவு நன்றாகக் கூடியது. இதயத்துக்கோ ஒரு நன்மையும் இல்லை. அதே ஆய்வில் சிம்வாஸ்டெட்டின் என்ற கொலஸ்ட்ரோல் குளிசை, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைத்தது. அதே ஸ்டெட்டின் வகை மருந்துதான் அரச கிளினிக்கில் நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது. காசு கொடுத்து வாங்கியது வேலை செய்யவில்லை, இலவசமாகக் கிடைத்ததை நிறுத்திவிட்டோம்!

"குடித்தால் கெடுதி இல்லைதானே?" என்று கேட்கலாம். 1994இல் பின்லாந்தில் 29,000 புகைப்பவர்களிடம் நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் குளிசை குடித்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் கூடியது. சுருட்டு, பீடி பிடிக்கும் நம் ஆட்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

டொக்டர் குறைபாடு பார்த்து எழுதிக் கொடுக்கும் விட்டமினையோ, கர்ப்பிணித் தாய்மாருக்குக் கொடுக்கும் குளிசையையோ நிறுத்தச் சொல்லவில்லை. அது வேறு.

நுவரெலியா கரட்டும் லீக்ஸும் கோவாவும் லொறி ஏறிக் கொழும்புக்குப் போகின்றன. அதை விளைவிக்கும் மலையில் வாழும் நம் வீட்டுச் சட்டியில் ரொட்டியும் சம்பலும்தான். கெப்சூலுக்குப் போகும் காசில் ஒரு பிடி வல்லாரை, கொஞ்சம் கரட் வாங்கலாம். பிளேன்டீயில் சீனியைக் குறைக்கலாம். புகையிலையை விடலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தகப்பன் வட்ஸ்அப்பை நம்பியதால் மட்டும் கிளினிக்கை விடவில்லை. கிளினிக் போனால் அன்றைய பேர் போய்விடும், பஸ் காசும் போகும். கிளினிக் கார்ட்டைக் காட்டினால் அன்றைக்குச் சம்பளத்தோடு லீவு கொடுங்கள் என்று தோட்ட நிர்வாகங்களையும் தொழிற்சங்கங்களையும் கேட்கிறோம். இது பெரிய செலவல்ல, ஒரு குடும்பத்தின் உயிர்.

அல்ஹம்துலில்லாஹ், அவர் இப்போது வீடு திரும்பிவிட்டார். திரும்பவும் கிளினிக் போகிறார்.

நெஞ்சு வலி வந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். உடனே 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். டொக்டரிடம் கேட்காமல் எந்த மருந்தையும் நிறுத்தாதீர்கள். மருந்துத் தகவல் எதையும் விசாரிக்காமல் பகிரவும் வேண்டாம். அந்தத் தவறை நாங்கள் செய்துவிட்டோம், நீங்கள் செய்யாதீர்கள்.