250 வாட் சைக்கிளுக்குள் 1,000 வாட்! மின் மவுண்டன் பைக்கை அப்கிரேடு செய்தால் அது சைக்கிளா, மோட்டார் வாகனமா?

2025 ஜூலையில் ஐரோப்பாவில் மின் மவுண்டன் பைக் வைத்திருந்த பலர், ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல் வண்டியின் சக்தியைக் கூட்டிக்கொண்டார்கள். செல்போனில் ஆப்பைத் திறந்து அப்டேட் கொடுத்தார்கள், அவ்வளவுதான். பாஷ் நிறுவனத்தின் புதிய தலைமுறை பெர்ஃபார்மன்ஸ் லைன் சிஎக்ஸ் மோட்டாரின் உச்ச சக்தி 600 வாட்டிலிருந்து 750 வாட்டானது. டார்க் எனப்படும் சுழற்று விசை 85 நியூட்டன் மீட்டரிலிருந்து 100 ஆனது.

ஆனால், சட்டப்படி அந்த மோட்டாரின் திறன்? முன்னாடியும் 250 வாட், இப்பவும் 250 வாட்தான். அதனால் அது இன்னமும் சைக்கிள். லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம்.

அது எப்படி?

ஐரோப்பிய விதி கேட்பது மோட்டாரின் 'தொடர் திறனை'. சூடேறிச் சோர்ந்துபோகாமல் ஒரு மோட்டார் நீண்ட நேரம் கொடுக்கக்கூடிய சக்தி அது. அந்த அளவு 250 வாட்டைத் தாண்டக்கூடாது, மணிக்கு 25 கி.மீ. வேகம் வந்ததும் மோட்டார் உதவி நின்றுவிட வேண்டும், பெடல் மிதித்தால்தான் வேலை செய்ய வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் போதும். ஒரு செங்குத்தான ஏற்றத்தில் கொஞ்ச நேரம் எவ்வளவு சக்தியைக் கொட்டலாம் என்பதற்கு அந்த விதியில் உச்சவரம்பே இல்லை.

மலைப்பாதையில் இந்த ஓட்டை ரொம்பப் பெரிசு. ஏற்றத்தில் யாரும் 25 கி.மீ. வேகத்தில் போவதில்லை, 10 அல்லது 15தான். அங்கே வேக வரம்பு குறுக்கே வராது, சக்திதான் பேசும். நீங்கள் 100 வாட் மிதித்தால் மோட்டார் 400 வாட் சேர்த்துத் தள்ளும். '400 சதவீத உதவி' என்று விளம்பரத்தில் வருவதன் அர்த்தம் இதுதான்.

இந்தப் போட்டியைச் சூடாக்கியது சைக்கிள் கம்பெனி இல்லை, ட்ரோன் கம்பெனி. சீனாவின் டிஜேஐ 2024-ல் அவினாக்ஸ் என்ற மோட்டாருடன் சந்தைக்குள் நுழைந்தது. எடை சுமார் இரண்டரை கிலோ. பூஸ்ட் முறையில் 120 நியூட்டன் மீட்டர், உச்ச சக்தி 1,000 வாட். பல வருடங்களாக 85-லேயே நின்றிருந்த மற்ற கம்பெனிகள் பதறிப்போய் எண்களை ஏற்ற ஆரம்பித்தன.

பயப்படுவது யார்?

விநோதம் என்னவென்றால், 'போதும், நிறுத்துங்கள்' என்ற குரல் அந்தத் தொழிலுக்குள்ளிருந்தே வருகிறது. ஜெர்மனியின் சைக்கிள் தயாரிப்பாளர் சங்கமான இசட்ஐவி, உச்ச சக்திக்கு 750 வாட் என்றும், மோட்டார் உதவிக்கு ஒன்றுக்கு நான்கு என்றும் வரம்பு வைக்கலாம் என 2025-ல் யோசனை சொன்னது. சக்தி ஏறிக்கொண்டே போனால் ஒருநாள் அரசு 'இது சைக்கிளே இல்லை' என்று சொல்லிவிடும். அப்போது இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாம் வரும், காட்டுப் பாதைகளும் மூடப்படும். இதுதான் அவர்கள் கவலை. அதை வெறும் வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்க முடியாது. இழப்பு, பாதையில் ஓட்டுபவருக்கும் சேர்த்துத்தான்.

பிரிட்டன் எதிர்த் திசையில் போகப் பார்த்தது. 250 வாட் வரம்பை 500 ஆக்கலாமா என்று 2024-ல் மக்களிடம் கருத்துக் கேட்டது. 2025 ஜனவரியில் அந்த யோசனையையே கைவிட்டது.

வேகப் பூட்டை உடைத்தால்?

சக்தி விஷயத்தில் ஓட்டை இருக்கிறது, வேகத்தில் இல்லை. சென்சாரை ஏமாற்றி 25 கி.மீ. பூட்டைத் திறக்கும் சின்னச் சின்னக் கருவிகள் ஆன்லைனில் தாராளமாகக் கிடைக்கின்றன. மாட்டிவிட்டால் ஜெர்மனியில் அது லைசென்ஸும் இன்சூரன்ஸும் இல்லாமல் மோட்டார் வாகனம் ஓட்டிய குற்றம். பிரான்ஸில் இப்படி மாற்றுவதற்கு ஓராண்டு வரை சிறை, 30,000 யூரோ வரை அபராதம் என்று சட்டம் இருக்கிறது. பாஷ் மோட்டாரே இந்தத் திருட்டு வேலையைக் கண்டுபிடித்து உதவியைக் குறைத்துக்கொள்ளும். திரும்பத் திரும்பச் செய்தால் டீலரிடம் கொண்டுபோய்த்தான் சரிசெய்ய வேண்டும்.

ஷாக், பிரேக் மாற்றுவதாவது நம்ம இஷ்டமா?

சாதாரண மவுண்டன் பைக்கில் ஆம். மின் பைக்கில் அப்படி இல்லை. இது பலருக்கும் தெரியாத சங்கதி. ஐரோப்பாவில் மின் சைக்கிள் ஒரு 'இயந்திரமாக' சிஇ முத்திரையோடு விற்கப்படுகிறது. அதனால் எந்தப் பாகத்தை யார் அனுமதியோடு மாற்றலாம் என்று ஜெர்மானியத் தொழில் சங்கங்கள் ஒரு வழிகாட்டி போட்டிருக்கின்றன. மோட்டார், பேட்டரி, சென்சார், வயரிங் ஆகியவற்றைச் சைக்கிள் கம்பெனியோ மோட்டார் கம்பெனியோ அனுமதிக்காமல் தொடக்கூடாது. ஃபோர்க், பின் ஷாக், பிரேக் மாற்றவும் சைக்கிள் கம்பெனியின் சம்மதம் வேண்டும். பெடல், பெல் எல்லாம் உங்கள் விருப்பம்.

பின் சக்கரத்தை 29 அங்குலத்திலிருந்து 27.5-க்கு மாற்றுவது இப்போது ஃபேஷன். சக்கரச் சுற்றளவை வைத்துத்தான் மோட்டார் வேகத்தைக் கணக்கிடுகிறது. சக்கரம் சிறியதானதும் அந்தக் கணக்கு தப்பிவிடும். சிஸ்டத்திலும் அளவை மாற்றியாக வேண்டும்.

உண்மையைச் சொன்னால், ஃபுல் சஸ்பென்ஷன் வண்டிக்கு முதல் அப்கிரேடு சர்வீஸ்தான். ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்குகளுக்கு 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க்கால் சர்வீஸ் செய்யச் சொல்கிறது கம்பெனி. வாரம் நான்கு மணி நேரம் ஓட்டினால் மூன்று மாதத்தில் அது வந்துவிடும். எண்ணெய் வற்றிய ஃபோர்க்கை வைத்துக்கொண்டு புது ஃபோர்க்குக்கு விலை கேட்பவர்கள் நிறைய. அடுத்து, உட்காரும்போது ஷாக் எவ்வளவு அமுங்குகிறது என்று பாருங்கள். பொதுவாக 25 முதல் 30 சதவீதம் இருக்க வேண்டும். ஒரு ஷாக் பம்ப் போதும். 22 முதல் 25 கிலோ எடையுள்ள இந்த வண்டிகளில் காசு போடத் தகுந்த இடம் பிரேக்கும் டயரும். கம்பெனி சம்மதித்தால் பெரிய டிஸ்க், அதோடு தடித்த டயர். இறக்கத்தில் எலும்பைக் காப்பாற்றுபவை இவைதான், 1,000 வாட் மோட்டார் இல்லை.

இந்தியாவில் என்ன நிலை?

கிட்டத்தட்ட இதே வார்த்தைகள்தான். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 2(யு) பிரிவின்படி, பெடல் உதவி சைக்கிளின் மோட்டாருடைய '30 நிமிடத் திறன்' 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாக இருந்து, 25 கி.மீ. வேகத்தில் உதவி நின்றுவிட்டால் அது மோட்டார் வாகனம் இல்லை. இங்கேயும் உச்ச சக்தி பற்றிய பேச்சு இல்லை. அதாவது ஐரோப்பாவில் இப்போது விவாதிக்கும் அதே ஓட்டை நம்ம விதியிலும் இருக்கிறது.

ஆனால் ஆன்லைனில் 500 வாட், 750 வாட் கிட் வாங்கி வீட்டில் மாட்டினால் கதை வேறு. அது 30 நிமிடத் திறனாக இருந்தால் வண்டி விதிவிலக்கிலிருந்து வெளியே வந்துவிடும். பதிவு, இன்சூரன்ஸ், லைசென்ஸ் மூன்றும் தேவை. வீட்டில் மாற்றிய சைக்கிளுக்கு வாகன வகைச் சான்று இருக்காது, சான்று இல்லாமல் பதிவும் நடக்காது. யார் மீதாவது மோதினால் இழப்பீடு சொந்தக் கையிலிருந்துதான் போகும்.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் மூலம் வண்டியை வரவழைக்க நினைப்பவர்களுக்கும் ஒரு விஷயம். பயணிகள் விமானத்தில் 160 வாட்-அவருக்கு மேல் உள்ள லித்தியம் பேட்டரியை எடுத்துவர முடியாது. மின் மவுண்டன் பைக் பேட்டரிகள் பெரும்பாலும் 500 முதல் 800 வாட்-அவர். வண்டி வரும், பேட்டரி வராது. வாங்கும் முன்பே அந்த மாடலுக்கான பேட்டரி இங்கே கம்பெனி வழியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.