கூடாரம் யார் அடிப்பது, சோறு யார் பொங்குவது?



மகளோடு ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று அமெரிக்கா வந்து, அட்லாண்டா நகரத்துக்குப் பக்கத்தில் தங்கியிருக்கும் ஒரு சாதாரணக் குடும்பப் பெண் நான். இங்கே ஒரு மாதமாக வீட்டில் நடக்கும் ஒரு ஏற்பாட்டைப் பார்த்து எனக்குத் தோன்றியதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கடிதம். மகளை வெளிநாட்டில் கட்டிக் கொடுத்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மகளுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் ஆச்சு. இந்த நாலு வருஷத்தில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் மட்டும் தனியாக ஒரு ஊருக்குப் போனதில்லை. பிட்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குப் போனார்கள், கூடவே மூன்று குடும்பம். அருவி பார்க்கப் போனார்கள், கூடவே மாப்பிள்ளையின் சிநேகிதர்கள். ஒவ்வொரு தடவையும் முதல் நாள் ராத்திரி புளியோதரை கிளறியது, சப்பாத்தி இட்டது, தயிர்சாதம் பிசைந்தது எல்லாம் இவள்தான். எங்கே போனாலும் அடுப்போடு போகிற ஜென்மம் நம்முடையது என்று நாம் சொல்லிச் சிரிப்போமே, அது கடல் தாண்டியும் அப்படியேதான் இருக்கிறது.

வருகிற நவம்பரில் முதன்முறையாக இரண்டு பேர் மட்டும் போகிறார்கள். ஹோட்டலில் தங்க இல்லை, கூடாரம் அடித்துத் தங்க. இங்கே அதைக் 'கேம்பிங்' என்கிறார்கள். இரண்டு பேருக்குமே இது புதுசு. இடம் புளோரிடா மாநிலத்தில் ஆர்லாண்டோ பக்கம் இருக்கிற டிஸ்னி வேர்ல்டு. அந்தப் பெரிய கேளிக்கை வளாகத்துக்குள்ளேயே 'ஃபோர்ட் வில்டர்னஸ்' என்று ஒரு காட்டு முகாம் வைத்திருக்கிறார்கள். வளாகம் திறந்தது 1971 அக்டோபரில், முகாம் அதே வருஷம் நவம்பரில். சுமார் 750 ஏக்கர். பைன் மரமும் சைப்ரஸ் மரமுமாக நிஜக் காடு மாதிரியே இருக்கும், ஆனால் ஏறக்குறைய 800 இடங்களை நம்பர் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். கூடாரத்துக்கென்று ஒதுக்கின இடத்தில் தண்ணீர்க் குழாய், கரண்ட், சாப்பாட்டு மேஜை, கரி போட்டுச் சுடும் அடுப்பு எல்லாம் உண்டு. கொஞ்ச தூரத்தில் வெந்நீரோடு குளியலறை, கழிப்பறை, துணி துவைக்கும் மெஷின். மளிகைச் சாமான் வாங்க இரண்டு கடை. முதல் தடவை போகிறவர்களுக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது என்பது என் கட்சி. எதை மறந்தாலும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம், விலை கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான்.

திட்டம் போட உட்கார்ந்த அன்றைக்கு மாப்பிள்ளை ரொம்ப நியாயமாகத்தான் பேசினார். "கூடாரம், காரு, டிக்கெட் எல்லாம் நான் பாத்துக்கறேன். நீ சாப்பாட்ட மட்டும் பாத்துக்கோ" என்றார். மகளும் சரி என்று தலையாட்டிவிட்டாள். கேட்கிறவர்களுக்குச் சரிபாதி மாதிரிதான் இருக்கும்.

நான் ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளம்புகிறார்கள். கூடாரத்தை ஒரு தடவை அடிக்கணும், ஒரு தடவை பிரிக்கணும். சாப்பாடோ ஏழு வேளை. அது போகக் காலையும் மாலையும் காபி. ஏழு வேளைக்கும் யோசிக்கணும், வாங்கணும், நறுக்கி டப்பாவில் போடணும், ஐஸ் பெட்டியில் ஐஸ் கரைந்துவிட்டதா என்று பார்க்கணும், குனிந்து சமைக்கணும், அந்த ஒற்றைக் குழாயடியில் பாத்திரம் கழுவணும், மிச்சத்தை மூடி வைக்கணும். "சாப்பாட்ட மட்டும்" என்கிற அந்த 'மட்டும்' இருக்கிறதே, அதற்குள் எத்தனை வேலை ஒளிந்திருக்கிறது பாருங்கள். அவளுக்கு இது விடுமுறையே இல்லை. வீட்டில் மிக்ஸியும் கிரைண்டரும் வைத்துச் செய்வதைக் காட்டில் அவை இல்லாமல் செய்யப் போகிறாள், அதுதான் வித்தியாசம்.

மாப்பிள்ளையிடம் நேராகச் சொல்ல எனக்குக் கூச்சம். பேப்பரை மகளிடம் கொடுத்தேன். அவள் அதைச் சண்டையாக்காமல் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். இரண்டு நாள் கழித்து அவரே வந்து, "அத்தை, ஏழுல நாலு எனக்குப் போடுங்க" என்றார். நல்ல பிள்ளைதான். கணக்கு அவர் கண்ணில் பட்டதே இல்லை, அவ்வளவுதான். அவருக்கென்ன, அவர் அம்மா வீட்டிலும் தட்டு தானாக வந்து விழுந்திருக்கும். நம் வீட்டுப் பையன்களை நாம் எப்படி வளர்த்தோம் என்று நான் இங்கே சொல்ல ஆரம்பித்தால் ஆசிரியர் கத்தரி போட்டுவிடுவார்!

கரண்ட் இருக்கிறது என்றதும் என் மகள் ரைஸ் குக்கர், கெட்டில், சின்ன மிக்ஸி வரைக்கும் பட்டியலில் சேர்த்தாள். கெட்டிலும் குக்கரும் இருக்கட்டும், மிக்ஸியை எடு என்றேன். இரண்டு பேருக்கு மூன்று நாள் சட்னி இல்லாவிட்டால் உயிர் போகாது. ஒரு வேளை ரொட்டி, ஒரு வேளை கடையில் வாங்கிச் சாப்பிடுவது, ஒரு வேளை அந்தக் கரி அடுப்பில் மக்காச்சோளம், குடைமிளகாய், பன்னீர். சர்க்கரைவள்ளிக்கிழங்கை அலுமினியத் தாளில் சுற்றிப் போட்டால் அதுபாட்டுக்கு வெந்துகொள்ளும். கரியை இங்கிருந்தே கொண்டுபோகவேண்டும். இவர்கள் காரில் போகிறார்கள், ஏறக்குறைய 700 கிலோமீட்டர், ஏழு மணி நேரம். விமானத்தில் போகிறவர்கள் கேஸ் டப்பாவை எடுத்துப் போக முடியாது, இறங்கின பிறகு வாங்கவேண்டியதுதான்.

சைவக்காரர்களுக்கு ஒன்று சொல்லணும். அங்கே சாயங்காலம் நெருப்பு மூட்டி, எல்லாரும் சுற்றி உட்கார்ந்து பாட்டுப் பாடி, பிறகு திறந்தவெளியில் சினிமா போடுகிறார்கள். காசு கிடையாது. அந்த நெருப்பில் 'மார்ஷ்மெல்லோ' என்று பஞ்சு மாதிரி ஒரு மிட்டாயைக் குச்சியில் குத்திச் சுடுவார்கள். கடையில் கிடைக்கும் சாதாரண மார்ஷ்மெல்லோவில் மாட்டுத் தோல், பன்றித் தோல், எலும்பு இவற்றிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். ஜெலட்டின் இல்லாத வகையும் விற்கிறது, பாக்கெட்டைப் படித்து வாங்கிப் போகவேண்டும். என் மகளுக்கே இது தெரியாது.

அடுத்தது நாள் பார்ப்பது. மாப்பிள்ளை முதலில் ஜூலை என்றார். புளோரிடாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெரும்பாலும் சாயங்காலம் ஆனால் இடி மின்னலோடு மழை. புயல் பருவம் என்று கணக்கு வைத்திருப்பதே ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. இடி இடிக்கும்போது கூடாரத்துக்குள் இருப்பது பாதுகாப்பே இல்லை, காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளவேண்டும், இல்லையானால் குளியலறைக் கட்டிடத்துக்கு ஓடவேண்டும். நவம்பரில் மழையும் புழுக்கமும் நன்றாகக் குறைந்துவிடும், ராத்திரியில் போர்வை தேவைப்படும். அவர் மழைக் கணக்குப் பார்த்தார், மகள் வேறொரு கணக்கும் பார்த்துத்தான் தேதியை முடிவு பண்ணினாள். ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு கழிப்பறைக்கு நடக்கவேண்டிய இடத்துக்கு எந்த நாட்களில் போகக்கூடாது என்று எந்த ஆண்பிள்ளை பட்டியலிலும் இருக்காது. பதிவு செய்யும்போதே கழிப்பறைக்குக் கிட்டத்தில் இடம் வேண்டும் என்று கேட்டு வைத்திருக்கிறாள். கொடுத்தால் புண்ணியம்.

பணம்? முகாமில் தங்க டிக்கெட் வேண்டாம், இடத்துக்கு வாடகை மட்டும். ஆனால் உள்ளே இருக்கும் 'மேஜிக் கிங்டம்' பார்க்குக்குப் போக, ஆளுக்கு ஒரு நாளைக்கு நூறு டாலருக்கு மேல். இரண்டு பேர் இரண்டு நாள் என்றால் நானூறு டாலரைத் தாண்டும். அதனால் சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் பார்க். முகாமிலிருந்தே ஏரி வழியாக அதற்குப் படகு விடுகிறார்கள், அந்தப் படகுக்குக் காசில்லை. முகாமுக்குள் காரை எடுத்துக்கொண்டு சுற்றக்கூடாது என்று விதி, அதற்காக உள்ளேயே பஸ் ஓடுகிறது. சின்ன பேட்டரி வண்டியும் வாடகைக்கு உண்டு. கை கால் நன்றாக இருக்கிற இரண்டு பேருக்கு வண்டி எதற்கு, பேசிக்கொண்டே நடக்கட்டும். 1974-லிருந்து நடக்கிற ஒரு பாட்டுக் கூத்து விருந்தும் இருக்கிறது. கோழியும் பன்றி விலா எலும்புமாகப் பரிமாறும் விருந்து என்பதால் மகள் வேண்டாம் என்றுவிட்டாள்.

பயமுறுத்துவதாக நினைக்காதீர்கள், ஏரி பற்றியும் சொல்லியாகவேண்டும். புளோரிடாவில் எந்த நீர்நிலையிலும் முதலை இருக்கலாம். 2016 ஜூனில் அதே வளாகத்தின் வேறொரு ஏரிக்கரையில் இரண்டு வயதுக் குழந்தையை முதலை கொன்றுவிட்டது. அதற்குப் பிறகு வேலியும் எச்சரிக்கைப் பலகையும் வைத்தார்கள். முகாம் ஏரியிலும் இறங்கிக் குளிக்கக்கூடாது, நீச்சல் குளம் தனியாக இருக்கிறது. குழந்தையோடு போகிறவர்கள் இருட்டின பிறகு கரைப்பக்கமே போகவேண்டாம். முதலை வராவிட்டாலும் ரக்கூன் வரும், முகமூடி போட்ட மாதிரி முகமுள்ள ஒரு பிராணி, கை மாதிரியே விரல். டப்பா மூடியைத் திறந்துவிடுமாம். சாப்பாட்டுச் சாமானை ராத்திரி காருக்குள் வைத்துப் பூட்டவேண்டும்.

இந்த ஏற்பாட்டில் பெரிய ஆபத்து முதலையும் இல்லை, மழையும் இல்லை. ஒரு இடத்தில் பத்துப் பேர் வரைக்கும் தங்கலாம் என்று அங்கே விதி இருக்கிறது. இது மாப்பிள்ளையின் சிநேகிதர் ஒருவர் காதில் விழுந்துவிட்டது. "நாங்களும் வர்றோம், வாடகைய பாதிப் பாதி போட்டுக்கலாம்" என்று போன். மாப்பிள்ளை வாய் வரைக்கும் "வாங்க" வந்துவிட்டது. என் மகள் ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து உள்ளே போய்விட்டாள். அவர் அவள் போன கதவைப் பார்த்துக்கொண்டே, "அடுத்த தடவை சேர்ந்து போகலாம்டா" என்று சொல்லி வைத்தார். அதைக் கேட்டபோது எனக்கு இருந்த நிம்மதியை எழுத வராது.

என்னையும் கூப்பிட்டார்கள். "அத்தையத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது" என்று அவருக்குக் கவலை. வரமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். பெற்றவளை வீட்டில் உட்கார வைத்துவிட்டு ஊர் சுற்றப் போகிறார்களே என்று அங்கே உறவில் இரண்டு பேர் பேசினார்களாம். பேசட்டும். எனக்கு இரண்டு நாள் தனியாக இருக்கத் தெரியும். எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துத்தான் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும் ஒரு பஸ்ஸில் ஏறினோம். அதுவும் ஒரு துக்கத்துக்கு. என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை, ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தோம். என் மகளுக்கு அந்தப் பழக்கம் வரவேண்டாம்.

ஊரிலிருந்து மகளுக்குப் போன் பண்ணும் அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். அவள் வெளியூர் கிளம்புகிறேன் என்றால், "அவருக்குச் சாப்பாட்டுக்கு என்ன பண்ணினே" என்று கேட்காதீர்கள். நாம் கேட்கிற அந்த ஒரு கேள்விதான் அவளை விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பிப் பொடி வறுக்க வைக்கிறது. எத்தனை மணிக்குக் கிளம்புறீங்க, போர்வை எடுத்தியா என்று கேட்டால் போதும்.

போன சனிக்கிழமை பின்பக்கத் தோட்டத்தில் ஒத்திகை நடந்தது. புதுக் கூடாரத்தை வாங்கி அப்படியே காட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள் என்று பக்கத்து வீட்டு அமெரிக்கப் பெண்மணி சொன்னாராம், நல்ல யோசனை. விளக்கத்தாளை இரண்டு தடவை படித்து, ஒரு மணி நேரத்தில் மாப்பிள்ளை அடித்து முடித்தார். மகள் ஹோஸ் பைப்பால் மேலே தண்ணீர் அடித்துப் பார்த்தாள், ஒரு மூலையில் ஒழுகியது. அதற்குத் தார்ப்பாய் ஒன்று வாங்கிவிட்டார்கள். மறுநாள் காலை அவருடைய நாலு வேளையில் ஒன்றுக்கு ஒத்திகை, உப்புமா. தண்ணீர் கூடிப்போய்க் கஞ்சி மாதிரி இருந்தது, கடுகும் கருகல். நானும் மகளும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டோம். பாத்திரத்தையும் அவரே கழுவினார்.

பருப்புப் பொடி மட்டும் ஒரு பாட்டில் அரைத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். கேட்டால் கொடுப்பேன். நானாக எடுத்துப் பையில் வைக்கப் போவதில்லை.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அட்லாண்டாவிலிருந்து