கேட்கத் தயங்கும் சரக்கு

நம் கடைகளில் கேட்டு வாங்கும் சரக்கு உண்டு. கண்ணில் பட்டதும் வாங்கும் சரக்கு உண்டு. கேட்கக் கூச்சப்பட்டு, வாங்காமலே திரும்பிப் போகும் சரக்கும் ஒன்று உண்டு. சிறுநீரை அடக்க முடியாதவர்களுக்கான டயப்பர், பேடு, அதற்கேற்ற பருத்தி உள்ளாடை ஆகியவற்றைத்தான் சொல்கிறோம். இவற்றை வெளிப்படையாக வைத்து, விவரம் சொல்லி விற்பது நம் கடமை என்பதே எமது கருத்து.

"இது மருந்துக் கடைக்காரர் பாடு, மளிகைக் கடைக்கு என்ன சம்பந்தம்?" என்று அன்பர்கள் கேட்கலாம். நம் பகுதி மாறியிருப்பதைப் பாருங்கள். 1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. மகனும் மருமகளும் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறிய பிறகு, வீட்டில் தனித்திருக்கும் பெரியவருக்குக் கைக்கெட்டும் கடை தெருமுனை மளிகைக் கடைதான்.

இது முதியோர் தொல்லை மட்டுமல்ல. பிரசவமான பெண்களுக்கு இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிவதுண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கும், ஆண்களில் புராஸ்டேட் கோளாறு உள்ளவர்களுக்கும் இது வரலாம். மூட்டை தூக்கும்போது கசிகிறது என்பவர்களும் உண்டு. கல்லாவை விட்டு எழ ஆளில்லாமல் மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டு உட்காரும் நம்மவர்களும் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

இத்தகையவர்களுக்கு உடையே பாதி நிம்மதி. அவசரத்தில் அவிழாத நாடா முடிச்சுதான் முதல் எதிரி. சுடிதாருக்கும் பாவாடைக்கும் நாடாவுக்குப் பதில் தளர்வான எலாஸ்டிக் வைத்துத் தைக்கலாம். இடுப்பை இறுக்கும் உடை வயிற்றையும் அழுத்தும். ஆண்களுக்கு வேட்டி, லுங்கி வசதி. பேண்ட் போட்டே ஆகவேண்டியவர்கள் பெல்ட்டைத் தவிர்த்து எலாஸ்டிக் இடுப்பு உள்ளதை எடுக்கலாம். உள்ளாடை பருத்தியாக, பேடு நகராதபடி உடலோடு ஒட்டியிருக்கவேண்டும். மேலுடை தளர்வாக இருக்கவேண்டும். பாலியெஸ்டர் துணியில் வியர்வையும் ஈரமும் தங்கி, நம் ஊர்ப் புழுக்கத்தில் தொடை இடுக்கு புண்ணாகிவிடும். அடர் நிறமும் பூப்போட்ட துணியும் ஈரத்தைக் காட்டிக்கொடுக்காது. வெளியே போகும்போது பையில் ஒரு மாற்று உடையும் பிளாஸ்டிக் கவரும் இருந்தால் தைரியமாக இருக்கும். ஜவுளி விற்கும் உறுப்பினர்கள் இதை மனத்தில் கொண்டு கொள்முதல் செய்யலாம்.

டயப்பரிலும் விவரம் உண்டு. நடமாடுகிறவர்களுக்கு ஜட்டி போல் மாட்டும் வகை. படுக்கையில் இருப்பவர்களுக்குப் பக்கவாட்டில் ஒட்டும் வகை. அளவு இடுப்புச் சுற்றைப் பொறுத்தது; "பெரியதாக எடுத்தால் நல்லது" என்பது தவறு, தொளதொளப்பாக இருந்தால் ஒழுகும். பயன்படுத்தியதைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் சேர்க்கவேண்டும். கழிப்பறையில் போட்டால் அடைத்துக்கொள்ளும்.

கசிவுக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள். அது தவறு. சிறுநீர் அடர்ந்து எரிச்சல்தான் கூடும். கத்திரி வெயிலில் ஆபத்தும்கூட. வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடவும் வேண்டாம். இடுப்புத் தசைப் பயிற்சியாலும் மருந்தாலும் பலருக்குக் குணம் தெரிகிறது. சிறுநீரில் ரத்தமோ, எரிச்சலோ, திடீர் அடைப்போ கண்டால் உடனே மருத்துவரிடம் போகவேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்கள் வீடு தேடி வரும்போது, சர்க்கரை மாத்திரையோடு இதையும் கேட்கலாம்.

"விற்காத சரக்கில் முதல் முடங்கும்" என்ற அச்சம் நியாயமானதே. ஆகவே பெட்டி பெட்டியாக வாங்கவேண்டாம். நடுத்தர அளவிலும் பெரிய அளவிலும் இரண்டிரண்டு சிறிய பாக்கெட் போதும். தீர்ந்தால் மொத்த வியாபாரி அடுத்த முறை கொடுக்கப் போகிறார். இவ்வகை டயப்பருக்கு 12 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்துள்ளது. அந்தக் குறைவு வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேரவேண்டும்.

சானிட்டரி நாப்கினையும் ஒரு காலத்தில் நாம் செய்தித்தாளில் சுற்றித்தான் கொடுத்தோம். கோவை அருணாசலம் முருகானந்தம் மலிவு விலை நாப்கின் இயந்திரம் செய்து, 2016இல் பத்மஸ்ரீ பெற்றார். 2018 ஜூலையில் நாப்கினுக்கு ஜி.எஸ்.டி.யே நீக்கப்பட்டது. இன்று அது சோப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெரியவர்களின் டயப்பருக்கும் அந்த இடம் கிடைக்கட்டும்.

வணிக நண்பர்களே, பொருளைக் கண்ணில் படும்படி அடுக்குங்கள். விலையையும் அளவையும் எழுதி ஒட்டுங்கள். வாய் திறந்து கேட்கும் சங்கடம் மிச்சமாகும். "யாருக்கு?" என்று நாலு பேர் முன்னால் கேட்கவேண்டாம் என்று கடைப் பையனுக்கும் சொல்லி வையுங்கள். கூச்சம் இல்லாமல் வாங்க முடிந்த கடையை அந்தக் குடும்பம் மறக்காது. மாத மளிகைக்கும் அங்கேதான் வரும்.