பூசி மறைத்தால் நீர் நிற்குமா?

கோட்டாறு, வடசேரி போன்ற கடைவீதிகளில் இடம் போதாமல் கடைக்கு அடியில் நிலவறை கட்டிச் சரக்கு வைக்கும் வணிகர்கள் நம்மில் உண்டு. ஆனால் நமது மாவட்டத்துக்கு வருடத்தில் இரண்டு பருவமழை. நாஞ்சில் நாட்டில் எங்கு பார்த்தாலும் குளமும் வயலும் கால்வாயும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறிவிடும்.

2021 நவம்பர் மழையில் குளங்கள் நிரம்பி, வயல்களிலும் குடியிருப்புகளிலும் வெள்ளம் புகுந்ததை மறந்திருக்க மாட்டோம். அப்போது எங்கள் நிலவறையின் கான்கிரீட் தரையிலும் வெடிப்பு வழியே நீர் ஊறியது. வேலைக்கு வந்த ஒப்பந்தக்காரர் தரை முழுவதும் சிமெண்ட் பூசி, இனிக் கவலையில்லை என்றார். அடுத்த மழையில் பூச்சு உப்பிப் பெயர்ந்தது. அடிவரிசை மல்லி மூட்டைகள் கறுத்துப்போயின. பணமும் போயிற்று, சரக்கும் போயிற்று.

காரணம் எளிது. தரைமட்டத்துக்கு மேல் 3 அடி உயரம் வெளியே நீர் நின்றால், தரையின் ஒவ்வொரு சதுர அடியையும் அது சுமார் 85 கிலோ அழுத்தத்தில் மேல்நோக்கித் தள்ளும். ஒரு பெரிய அரிசி மூட்டையின் பாரத்துக்கும் அதிகம். உள்பக்கம் பூசிய மெல்லிய பூச்சு இதைத் தாங்குமா? எனவே முதலில் நீருக்கு வழிவிட வேண்டும். பிறகுதான் அடைக்க வேண்டும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து ஓரங்களை ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் அடியில் நீர் கோத்தால் தரை ஊறுகிறது. மேலே கோத்தால் காற்றின் ஈரம்.

தரை ஊறினால், பொறியாளர் ஒருவரைக் கேட்டு, அஸ்திவாரத்துக்குப் பழுது வராமல் உட்சுவரோரம் வாய்க்கால் வெட்டி, துளையிட்ட பி.வி.சி. குழாய் பதித்து, ஜல்லி நிரப்புங்கள். தாழ்ந்த மூலையில் ஒரு குழி. அதில் நீர் ஏறியதும் தானே ஓடும் மோட்டார். பெருமழையில் மின்சாரம் போகும் என்பதால் ஜெனரேட்டரும் தேவை. அதன்பின் வெடிப்புகளை வெட்டித் திறந்து அடைத்து, நீர்காப்புப் பூச்சு கொடுக்கலாம். மொட்டைமாடிக் குழாய் நீர் சுவரடியில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூட்டைகள் எப்போதும் மரச்சட்டத்தின் மேல், சுவரைத் தொடாமல் இருக்கட்டும். புதிதாகக் கட்டுகிறவர்கள் கட்டும்போதே வெளிப்பக்கம் நீர்காப்புச் செய்துவிடுங்கள்; செலவு அப்போதுதான் குறைவு.

இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்ல வேண்டும். நனைந்த சரக்கை வெயிலில் உலர்த்தி நல்ல சரக்கோடு கலக்கும் ஆசை யாருக்கும் வரும். பூஞ்சை பிடித்த நிலக்கடலை, வத்தலில் உண்டாகும் அஃப்லாடாக்சின் என்னும் நஞ்சு, உலர்த்துவதால் மட்டும் நீங்குவதில்லை. கறுத்த மல்லியை நாங்கள் குப்பையில் கொட்டினோம். நம்மை நம்பிச் சில்லறைக் கடைக்காரர் வாங்குகிறார். அவரை நம்பி ஒரு குடும்பம் உண்கிறது.

கடைசியாக, மோட்டார் இறைக்கும் நீர் தெரு ஓடைக்குத்தானே போக வேண்டும்? அந்த ஓடையில் அட்டையும் சாக்கும் பிளாஸ்டிக் பையும் போடுவது யார்? நாமும்தான். ஓடை அடைத்தால் இறைத்த நீர் பக்கத்துக் கடைக்குள் புகும். மழைக்கு முன்பே ஓடையைத் தூர்வாரச் சங்கத்தின் மூலம் மாநகராட்சியிடம் கேட்போம். அதற்கு முன் நம் கடை வாசலை நாமே சுத்தம் செய்வோம்.