பழங்காட்டினூடே ஒரு சக்கரத் தடம்

இங்கிலாந்தில் ஒரு காட்டைப் ‘பழங்காடு’ என்று அழைப்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. கி.பி. 1600ஆம் ஆண்டு தொடக்கம் இன்றுவரை அந்நிலம் இடையறாது காடாகவே இருந்துவந்திருத்தல் வேண்டும். முதலாம் எலிசபெத் அரசியார் செங்கோலோச்சிய அக்காலத்திற்கு முன்னர் மரம் நட்டுக் காடு வளர்க்கும் வழக்கம் அந்நாட்டில் அரிது. ஆதலால், 1600இற் காடாயிருந்த நிலம் அதற்கும் பன்னூறு ஆண்டுகள் முன்பிருந்தே காடாயிருந்திருக்கும் என்பது அறிஞர் துணிபு. ஐக்கிய இராச்சியத்தின் நிலப்பரப்பில் இத்தகைய காடு இன்று நூற்றுக்கு ஏறக்குறைய 2.5 பங்கே எஞ்சியுள்ளது.

அந்தச் சொற்ப நிலத்தினூடே, தடித்த றப்பர்ச் சக்கரங்கள் பூட்டிய மலைத் துவிச்சக்கர வண்டிகளில் இளைஞர்கள் இன்று பாய்ந்து செல்கின்றனர். காட்டின் நலம் பேணுவோர் முகஞ் சுளிக்கின்றனர், இளைஞர்களோ, “காடு உங்களுக்கு மட்டுமா சொந்தம்?” என்கின்றனர். இரு சாராரிடத்தும் நியாயம் இருப்பதனாலேயே இவ்வழக்கினை இவ்வாரம் எடுத்துக்கொண்டோம்.

முதலில், அங்கே பழையது யாது என்பதை அறிதல் வேண்டும். வானளாவிய மரங்களே என்று வாசகர் எண்ணக்கூடும். உண்மையில் மரங்களினும் பழையது மண். கலப்பையின் கொழு ஒருபோதும் தீண்டாத அம்மண்ணிற் பூஞ்சண இழைகள் மரவேர்களோடு பின்னிப் பிணைந்து கிடக்கின்றன. மரத்தின் வேர்களிற் பெரும்பாலானவை மேல் 60 சென்ரிமீற்றர் ஆழத்துக்குள்ளேயே பரவியுள்ளன என்பதைத் தாவரவியல் பயிலும் மாணவர் இங்கு நினைவிற் கொள்க. அம்மேல்மண் இறுகினால் நீரும் காற்றும் உட்புகா; மரம் நின்ற நிலையிலேயே நலிவுறும்.

மண்ணின் தொன்மைக்குச் சான்று பகர்வன சில சிறுபூக்கள். அனிமோனி என்னும் வெண்ணிற மலர்ச்செடி நூறு ஆண்டுகளில் ஆறடி தூரமே பரவும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு காட்டின் தரை முழுவதும் அது விரிந்து கிடக்குமாயின், அக்காட்டின் வயதை நாமே ஊகித்துக் கொள்ளலாம். சித்திரை, வைகாசி மாதங்களிற் காட்டுத் தரையை நீலக் கம்பளமாக்கும் புளூபெல் மலரும் அவ்வினத்தது. விதை முளைத்துப் பூக்கும் கிழங்காக முதிர்வதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் செல்லும். அதன் இலைகள் ஒருமுறை மிதிபட்டு நசுங்கினால், அவ்வாண்டுக்குரிய உணவை அச்செடி சேமிக்க இயலாது வாடுகின்றது.

ஆயினும், மனிதன் காலடி படாத கன்னிக் காடுகள் இவை என்று எவரேனும் கூறின் அது பிழை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துப் பேரறிஞர் ஒலிவர் றக்கம் (1939-2015) தம் வாழ்நாளெல்லாம் நிறுவிய உண்மை இதுவே. அக்காடுகள் மனிதன் உழைத்த காடுகள். ஹேசல், ஆஷ் முதலிய மரங்களை அடியோடு ஒட்ட வெட்டுவர். அடிக்கட்டையிலிருந்து புதுக் கிளைகள் கொத்தாகக் கிளம்பும். சில ஆண்டுகள் கழித்து அவற்றை மீண்டும் வெட்டுவர். வேலிக்கும் விறகுக்கும் கரிக்கும் இவ்வாறு தலைமுறை தலைமுறையாக மரம் கிடைத்தது, மரமோ சாகவில்லை. கிளவுஸ்டர்ஷயரில் வெஸ்டன்பேர்ட் என்னுமிடத்தில், இவ்விதம் வெட்டி வெட்டித் தழைத்த லைம் மரம் ஒன்றின் வயது ஏறக்குறைய 2000 ஆண்டுகள் என மதிப்பிடுகின்றனர். (இம்மரத்திற்கும் நம் வீட்டு எலுமிச்சைக்கும் பெயரொற்றுமையன்றி வேறு உறவில்லை.) ஆடுமாடுகள் புகுந்து இளந்தளிரை மேயாதிருக்கக் காட்டைச் சுற்றி அகழியும் மண்ணணையும் எடுத்தனர். அம்மண்ணணைகள் இன்றும் காணப்படுகின்றன. துள்ளிப் பாய்வதற்கு ஏற்ற மேடு என்று கருதி, வண்டியோட்டும் சிறுவர்கள் அவற்றின்மீதே ஏறிப் பாய்வதுண்டு என்பதுதான் வேதனை.

இவ்வண்டி பிறந்த கதையையும் சிறிது கூறுவோம். அமெரிக்காவின் கலிபோர்ணியாவில், தமல்பாய்ஸ் மலையருகே, 1970களிற் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் மலைச்சரிவில் இறங்கிப் பந்தயம் வைத்தனர். ஒருமுறை இறங்கி முடிவதற்குள் பிரேக்கின் கிறீஸ் சூட்டில் உருகி ஆவியாகிவிடுமாம். மீண்டும் கிறீஸ் அடைத்தே அடுத்த ஓட்டம். 1977இல் ஜோ பிறீஸ் என்பவர் இதற்கெனவே ஒரு சட்டகத்தைச் செய்தார். 1981இல் தொழிற்சாலைகளிற் பெருந்தொகையாகச் செய்த வண்டி விற்பனைக்கு வந்தது. எனினும், கரடுமுரடான வழிகளிற் சைக்கிள் மிதிக்கும் ஆசை ஆங்கிலேயருக்கு அமெரிக்கர் கற்பித்ததன்று. 1955ஆம் ஆண்டிலேயே லெம்ஸ்டர் நகரத்து விடுதியொன்றிற் கூடிய சிலர், தார் வீதியை விடுத்து மலைப்பாதையிலும் காட்டுப்பாதையிலும் செல்வோருக்கென ஒரு கழகத்தை நிறுவினர். அவர்கள் இறங்கித் தள்ள வேண்டிய இடத்தில் இறங்கித் தள்ளினார்கள். இன்றைய இளைஞர் இறங்குவதில்லை. வேறுபாடு அங்கேதான் உள்ளது.

சக்கரம் காட்டுக்குச் செய்யும் தீங்கு எத்தகையது? 1994இல் வில்சன், சீனி என்னும் ஆய்வாளர் இருவர் அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்து மலைப்பாதைகளிற் சோதனை நடத்தினர். குதிரையின் குளம்பும் நடப்போர் காலும், சக்கரங்களைக் காட்டிலும் மண்ணை மிகுதியாகப் பெயர்த்தன என்பது அவர்கள் கண்ட முடிபு. சைக்கிளைப் பழிக்கும் நடையர்கள் இதனை விரும்பமாட்டார்கள். ஆனால், சைக்கிள்காரர் இதைக்கொண்டு மார்தட்டவும் இடமில்லை. ஒருமுறை கடந்து செல்வதன் விளைவு வேறு. சரிவிலே பிரேக்கை இறுக்கிச் சக்கரத்தை இழுத்துச் செல்வதன் விளைவு வேறு. அவ்விழுப்பு ஒரு கோட்டைக் கீறும். மாரி மழை அக்கோட்டில் ஓடி அதனை ஓடையாக்கும். சேற்றைத் தவிர்க்க அடுத்து வருபவர் பக்கத்திற் புதுத் தடம் போடுவார். ஒரு முழ அகலப் பாதை ஒரே மாரியிற் பத்து முழமாகும். இதனினும் கேடு, மண்வெட்டியோடு வந்து எவர் அனுமதியுமின்றிக் குழி தோண்டி மேடு கட்டுவது. நூற்றாண்டுகளாகத் திரண்ட மண்ணை ஒரு சனிக்கிழமையிற் புரட்டிவிடலாம். மீண்டும் திரட்ட எவராலும் இயலாது.

அவ்வாறாயின் சைக்கிளைத் தடுத்துவிடலாமே என்பர் சிலர். நாம் அதற்கு உடன்படோம். சட்டமும் உடன்படவில்லை. 1968ஆம் ஆண்டு நாட்டுப்புறச் சட்டம், குதிரைப் பாதைகளிற் சைக்கிள் செலுத்த உரிமை அளித்தது. நடப்போருக்கும் குதிரையேறி வருவோருக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும் என்பது நிபந்தனை. நடைபாதைகளில் அவ்வுரிமை இல்லை. தடுத்துப் பயன் விளைந்ததாகவும் தெரியவில்லை. பகலில் அழித்த தடம் அந்தியில் மீண்டும் முளைக்கிறது. நல்ல தடத்தை அமைத்துக் கொடுப்பதே மருந்து என்று காட்டதிகாரிகள் கண்டுகொண்டனர்.

அதற்கு நல்லதோர் உதாரணம் பிரிஸ்டல் நகருக்கு அருகேயுள்ள லீ வனம். 1864இல் திறக்கப்பட்ட கிளிவ்டன் தொங்கு பாலத்தைக் கடந்தால், ஏவன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மறுகரையில் அவ்வனம் தொடங்குகிறது. அதன் ஒரு பகுதியை 1909இல் ஜோர்ஜ் வில்ஸ் என்னும் புகையிலை வணிகச் செல்வர் தேசிய நம்பிக்கை நிதியத்துக்குத் தானமாக வழங்கினார். உள்ளே இரும்புக் காலத்துக் கோட்டையொன்றின் மண்மதில்கள் உண்டு. அப்பள்ளத்தாக்கையன்றி உலகில் வேறெங்கும் இயல்பாக வளராத பிரிஸ்டல் வெண்மரமும் உண்டு. பெருநகரொன்றின் இளைஞர் கூட்டம் பாலத்துக்கு அப்பால் நிற்கிறது. இப்பால் இத்துணை அரும்பொருள்கள். அவ்வனத்திலும், அதனை அடுத்துள்ள அஷ்டன் கோட் மான்சோலையிலும் சைக்கிளுக்கெனத் தனித் தடங்களை அமைத்துள்ளனர்.

தடம் அமைப்பது வெறும் மண்வெட்டி வேலையன்று. நீரை ஆளும் கலை. சரிவிலே நேர்கீழாக இறங்கும் பாதை வாய்க்காலாகிவிடும். ஆதலால் தடத்தைச் சரிவுக்குக் குறுக்கே வளைத்து வளைத்துச் செலுத்துவர். அதன் வெளிப்புறம் சிறிது தாழ்ந்திருக்கும். மழைநீர் தடத்தில் ஓடாது பக்கவாட்டில் வழிந்துவிடும். இடையிடையே தடம் சற்றே தாழ்ந்து பின் உயரும். ஓட்டுபவன் அதை விளையாட்டுக்கென்று எண்ணி மகிழ்வான். அமைத்தவனோ தேங்கிய நீர் அவ்விடத்தில் வெளியேறுதற்கே அதை வைத்தான். வளைவுகளில் வெளிப்புறத்தை அணைபோல் உயர்த்தினால், வேகமாக வருபவன் பிரேக் பிடித்துச் சறுக்க வேண்டியதில்லை; மண்ணும் பிழைத்தது. வேர் குறுக்கிட்டால் அதை வெட்டாமல் மேலே கல் பரப்புவர், அல்லது தடத்தையே திருப்புவர். முதுமரங்களின் அண்மையிற் கட்டட வேலை செய்வோர், அடிமரத்தின் விட்டத்தைப்போற் குறைந்தது பதினைந்து மடங்கு தூரம் விலகியிருத்தல் வேண்டும் என்பது இங்கிலாந்து அரசின் ஆலோசனை. தடம் அமைப்போருக்கும் அது நல்ல கணக்கே என்பது நம் கருத்து.

இத்தடங்களுக்கு நிறக்குறியும் உண்டு. பச்சை எளியது, நீலம் நடுத்தரம், சிவப்புக் கடினம், கறுப்பு மிகக் கடினம். லீ வனத்தில் உள்ளது நீலம். சுவை போதாது என்று துணிந்த இளைஞர் சிலர் முணுமுணுக்கத்தான் செய்வர். அவர்களுக்கென ஒரு சிவப்புத் தடத்தை, பழங்காட்டின் நடுவே அன்றி, அண்மைக் காலத்தில் நட்ட ஊசியிலைத் தோட்டங்களில் அமைப்பதே பொருத்தம்.

பல காடுகளில் இன்று காணும் ஒரு காட்சி நமக்கு மிகவும் பிடித்தது. முன்னர் களவாகத் தடம் வெட்டிய இளைஞர் சிலரையே காட்டதிகாரிகள் தொண்டர்களாகச் சேர்த்துக்கொள்கின்றனர். ஞாயிறு தோறும் அவர்கள் கல் சுமந்து கொட்டுகின்றனர். அடைபட்ட வடிகாலைத் திறக்கின்றனர். மூடவேண்டிய பழைய தடங்களின் குறுக்கே வெட்டிய கிளைகளை அடுக்கி வேலியிடுகின்றனர். எந்தச் சந்திலே புதுத் தடம் முளைக்கும் என்பதை அவர்களைவிட நன்கறிந்தவர் வேறு யார்?