நாக்குக்கு நாக்கு மாறும் ருசி!

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில், கோவளத்துக்கு அருகே முட்டுக்காடு இருக்கிறது. அங்கே மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தின் சோதனைக் களம் உண்டு. அந்த நிலையத்தார் 1997-ல் கொடுவா மீனைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து, குஞ்சு பொரிக்க வைத்தார்கள். இன்று குளங்களில் கொடுவா வளர்கிறது.

"ஆனாலும், கடல் மீன் ருசி வருமா?" என்று கேட்பவர் உண்டு. இந்தப் பேச்சு பரவினால், மீன் வளர்ப்பவருக்கு விலை கிடைக்காது. ஆகவே, ருசி பார்த்துச் சொல்லும் தீர்ப்பு நியாயமாக இருக்க வேண்டும்.

மார்க்கு செய்யும் மாயம்

மூன்று பேருக்கு இரண்டு மீன்களையும் ஒரே பக்குவத்தில் வேகவைத்து, எது எந்த மீன் என்று சொல்லாமல் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். பத்துக்கு மார்க்கு போட வேண்டும்.

முதல் இருவரும் கடல் மீனுக்கு 6, வளர்ப்பு மீனுக்கு 7 போடுகிறார்கள். மூன்றாமவர் கடல் மீனுக்கு 9, வளர்ப்பு மீனுக்கு 4 போடுகிறார். கூட்டினால் கடல் மீனுக்கு 21. வளர்ப்பு மீனுக்கு 18. கடல் மீன் ஜெயித்துவிட்டது!

ஆனால், மூவரில் இருவருக்குப் பிடித்தது வளர்ப்பு மீன் அல்லவா? ஒருவர் அள்ளிப் போட்ட மார்க்கு, இருவர் சொன்னதை அமுக்கிவிட்டது!

சிலர் ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவிலேயே நிற்பார்கள். சிலர் பிடித்தால் பத்து, பிடிக்காவிட்டால் பூஜ்யம் என்பார்கள். இது நாக்கின் குணம் அல்ல, கையின் குணம்.

இதற்கு ஒரு வழி உண்டு. அமெரிக்காவின் மில்டன் பிரீட்மன் 1937-ல் அதைச் சொன்னார். பின்னாளில், 1976-ல், பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு பெற்றவர் அவர். மார்க்கை விட்டுவிடு, ஒவ்வொருவரும் எதை முதலாவதாக வைத்தார், எதை இரண்டாவதாக வைத்தார் என்று மட்டும் பார் என்பதே அந்த வழி.

மூன்று பேர் போதுமா?

போதாது. மூன்று பேர் ருசியே பார்க்காமல் காசு சுண்டிப் போட்டாலும், ஒரு பக்கம் இரண்டாவது விழும்! பத்துப் பேரும் ஒருமுகமாக வளர்ப்பு மீனைச் சொன்னால் அது வேறு. குருட்டு அதிர்ஷ்டத்தில் அப்படி நேர்வது 1,024-ல் ஒரு தடவைதான்.

நூறு பேரில் ஐம்பது பேர் இதையும், ஐம்பது பேர் அதையும் விரும்பினால்? யார் நாக்கும் பழுது அல்ல. இரண்டு மீனுக்கும் வாடிக்கைக்காரர் உண்டு என்று பொருள். சராசரி மார்க்கு இதை மறைத்துவிடும்.

சமையல் போட்டியோ, ஊறுகாய் வியாபாரமோ, எங்கும் இதே நியாயம்தான். மொத்த மார்க்கு எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை பேர் எதை முதலில் வைத்தார்கள் என்று கேளுங்கள். உழைத்தவருக்கு உரிய கூலி அப்போதுதான் கிடைக்கும்!