ஸ்பேனரைப் பெண்ணுக்கு எட்டாமல் வைத்தது யார்?

மும்பையில் சயானிலிருந்து செம்பூர் செல்லும் வி.என்.புரவ் மார்க்கில், சுனாபட்டிக்கு அருகே, ஒன்றிய அரசின் தேசியத் திறன் பயிற்சி நிலையம் இயங்குகிறது. ஐ.டி.ஐ.களில் தொழில் கற்பிக்கும் ஆசிரியர்களை உருவாக்கும் நிறுவனம் அது. அதைச் சுற்றியுள்ள சுனாபட்டியிலும் தாராவியிலும் தமிழ்ப் பெண்கள் அப்பளம் இடுகின்றனர்; துண்டுக்கு இவ்வளவு என்ற கூலிக்குத் தைக்கின்றனர்; அடுத்தவர் வீட்டுப் பாத்திரம் துலக்குகின்றனர். பொதுப் பணத்தில் நடக்கும் பயிற்சி, இத்தனை அருகில் இருந்தும் அவர்களை எட்டவில்லை.

ஐ.டி.ஐ. இடங்களில் 30 விழுக்காடு பெண்களுக்கு என்கிறது விதி. ஆனால் எலக்ட்ரீசியன், ஃபிட்டர், வெல்டர் பிரிவுகளில் பெண்களைத் தேடித்தான் காண வேண்டும். தையலுக்கும் அழகுக்கலைக்குமே அவர்கள் திருப்பி விடப்படுகின்றனர். கேட்டால், ‘பெண்களுக்கு ஆர்வமில்லை’ என்று கைவிரிக்கின்றனர்.

ஆர்வத்திற்கா பஞ்சம்? எலக்ட்ரீசியன் படிப்பு இரண்டு ஆண்டுகள். அதுவரை அன்றாடக் கூலியை இழப்பவளின் வீட்டு வாடகையை யார் கட்டுவது? கைக்குழந்தையை எங்கே விடுவது? மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவளுக்குப் பாடம் எந்த மொழியில்? இவற்றுக்கு விடை தராமல் இடஒதுக்கீட்டை மட்டும் அறிவிப்பது, ஏணியை எடுத்துவிட்டு மாடிக்கு அழைப்பதற்கு ஒப்பாகும். மோடி அரசு 2015-இல் தொடங்கிய கௌஷல் விகாஸ் திட்டமோ, சில நூறு மணி நேர வகுப்பையும் ஒரு சான்றிதழையும் திறன் என்று பெயரிட்டு வழங்குகிறது.

வாய்ப்புக் கிடைத்தால் பெண்ணால் முடியும் என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. சுனாபட்டி வழியே ரயில்களை ஓட்டும் அதே மத்திய ரயில்வேயில்தான், கராட் அரசு பாலிடெக்னிக்கில் மின்பொறியியல் படித்த சுரேகா யாதவ் இந்தியாவின் முதல் பெண் ரயில் ஓட்டுநரானார். கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் கொத்துவேலை கற்று வீடுகளைக் கட்டி எழுப்பியுள்ளனர்.

இன்று தாராவி மறுசீரமைப்பை, அதானி குழுமத்திற்கு 80 விழுக்காடும் மாநில அரசுக்கு 20 விழுக்காடும் பங்குள்ள நிறுவனம் நடத்துகிறது. அங்கே எழும் கட்டடங்களுக்கு மின்கம்பி இழுக்கவும் குழாய் பதிக்கவும் லிஃப்டைப் பராமரிக்கவும் ஆட்கள் தேவை. 30 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் 2.5 முதல் 15 விழுக்காடு வரை தொழில் பழகுநர்களை அமர்த்த வேண்டும் என்கிறது தொழில் பழகுநர் சட்டம். அவ்விடங்களில் ஒரு பகுதியைத் தாராவி, சுனாபட்டிப் பெண்களுக்கு ஒதுக்கச் செய்ய, பங்குதாரரான அரசுக்கு என்ன தடை? லாபத்தில் பங்கு கொள்பவர்களுக்குப் பொறுப்பில் பங்கு கிடையாதா?

பயிற்சிக் காலம் முழுவதும் குறைந்தபட்சக் கூலிக்கு இணையான உதவித்தொகை வழங்க வேண்டும். பயிற்சிக் கூடங்களில் குழந்தைகள் காப்பகமும் பெண்களுக்கான கழிப்பறையும் அமைக்க வேண்டும். தாய்மொழியில் விளக்கும் பயிற்றுநரும், பயிற்சி முடிந்ததும் பொதுப்பணி ஒப்பந்தங்களில் உறுதியான வேலையும் வேண்டும். மாதர் இயக்கமும் தொழிற்சங்கங்களும் இக்கோரிக்கைகளை ஒருங்கே எழுப்ப வேண்டும். அப்பளம் இடும் கைகளுக்கு ஸ்பேனர் தானாக வந்து சேராது. போராடித்தான் பெற வேண்டும்.